சனிக்கிழமைக்காரர்கள் பக்கம்

நான் பொய் சொல்லவில்லை. கொச்சிக்காரர்கள் என்றேன், கொச்சிக்காரர்கள்தான். அப்பன் பாட்டன் காலத்திலேயே கொச்சியை விட்டுக் கப்பலேறிப் போய், இப்போது இஸ்ரேலில் ஒரு சின்ன ஊரில் கோழி வளர்த்துக்கொண்டிருக்கிற யூதர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். லப்பைக்குடிக்காட்டில் மருமகளிடம் என்ன ஆணம் வைத்தாய் என்று கேட்பார்கள். யாருக்கு வேலை பார்க்கிறாய் என்று எவர் கேட்கிறார்கள்?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பல் டாக்டருக்கு மேல் மாடியில் கோகுலகிருஷ்ணன் சாரின் ஆபீஸ். வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸ். பூலாம்பாடி போர்வெல் கடைக்காரர், தா.பழூரில் நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விடுகிறவர், ரெட்டிபாளையம் சிமெண்டு லாரிக்காரர் எல்லாம் எப்போதாவது போன் நம்பரை மாற்றச் சொல்வார்கள். தினமும் வேலை கொடுப்பவர் ஷோஷனா அம்மா ஒருவர்தான். அவர் ஊர்க்காரர்களுக்காக ஒரு பிளாக் நடத்துகிறார். அதைப் பார்த்துக்கொள்ளத் தன் பூர்வீக ஊர்க்காரர்களே வேண்டும் என்று தேடி, சாரிடம் வந்து மாட்டியிருக்கிறார். கொச்சிக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் மலைத்தொடரே கிடக்கிறது என்பதைச் சாரும் சொல்லவில்லை. எங்கள் ஆபீசில் யாரும் பொய் சொல்வதில்லை.

திங்கட்கிழமை மட்டும் ஆபீசுக்கு பஸ் ஏறுவேன். மற்ற நாளெல்லாம் வீட்டு மாடி அறையில் லேப்டாப். ஷோஷனா அம்மா எழுதி அனுப்புவதைப் படத்தோடு ஏற்ற வேண்டும். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் மவுத்தானார்கள், பண்டிகைக்கு எந்த வீட்டில் என்ன பலகாரம், இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம் என்ன. ஒருநாள் மாங்காய் ஊறுகாய்க்குக் குறிப்பு அனுப்பினார். நல்லெண்ணெய் ஊற்றச் சொல்லியிருந்தார். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். கல்யாணமாகி வந்த இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் அல்தாப் தோஹாவிலிருந்து அதற்குச் சம்மதித்ததே, "கொச்சிக்காரங்கதானே, அதுவும் பொம்பள மொதலாளி" என்பதால். அந்தச் சம்மதம் போனால் லேப்டாப் பரணுக்குப் போகும், நான் அடுப்படிக்குப் போவேன்.

ஷோஷனா அம்மாவிடம் ஒரு சட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை அவர்கள் ஊரில் பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டுகிற வரைக்கும் ஷபாத். அன்று அவர் விரலசைக்க மாட்டார். அவருக்காக வேறொருவர் உழைப்பதும் அவருக்கு ஆகாது. ஒரு தடவை எங்கள் ஆபீஸ் பெரியம்மாள் அக்கா, நல்லது செய்கிறோம் என்று நினைத்து, சனிக்கிழமை ஒரு படத்தை நேராக்கிவிட்டார். எந்த வேலை எப்போது நடந்தது என்பது உள்ளே பதிவாகுமே. ஷோஷனா அம்மா சண்டை போடவில்லை. இன்னொரு முறை நடந்தால் வேறு ஆபீஸ் பார்த்துக்கொள்வேன் என்று அன்பாக எழுதியிருந்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பை மூடினால், சனிக்கிழமை இஷா தாண்டித்தான் திறப்பேன்.

காஸாவில் சண்டை மூண்ட பிறகு எல்லாம் மாறிப்போனது. ஜும்ஆவில் தொழவைக்கிற அசரத் துவாக் கேட்டால் பள்ளிவாசலே அழும். வீட்டில் அல்தாபின் உம்மாவான மாமியும் நானும் போனில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அழுவோம். முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் மாடியேறுவேன். அங்கே பிளாக்கில் பின்னூட்டங்கள் வந்து குவிந்திருக்கும். யூதர்களைத் திட்டி ஒரு கூட்டம், முஸ்லிம்களைத் திட்டி ஒரு கூட்டம். இரண்டையும் அழிப்பது என் வேலை. நம் மார்க்கத்தைக் கேவலமாகத் திட்டியதைப் பாதி படிக்கும்போதே அழிப்பேன். ஷோஷனா அம்மாவைத் திட்டியதையும் அப்படியேதான். இரண்டு பக்கத்துச் சாக்கடையும் என் விரல் வழியாகத்தான் ஓடியது. யாரிடம் சொல்ல முடியும்?

போன வாரம் ஷோஷனா அம்மா ஒரு படம் அனுப்பினார். பட்டாளத்தில் இருக்கும் அவர் பேரன் லீவில் வந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறான். தோளில் துப்பாக்கி. "என் பிள்ளை உயிரோடு வந்து சேர்ந்தான்" என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. உன் பிள்ளை வந்துவிட்டான், சரி, அந்த உம்மாக்களுக்கு யார் வருவார்கள் என்று திரையைப் பார்த்தே கேட்டேன். பிறகு சாருக்குப் போன் போட்டேன்.

"சார், இந்தப் படத்த மட்டும் வேற யாராச்சும் ஏத்தட்டும் சார்."

"ஏம்மா, சங்கடமா இருக்கா?" சார் நல்ல மனுஷர். "புரியுதும்மா. ஆனா படத்துக்கு ஒரு ஆளு, ஊறுகாய்க்கு ஒரு ஆளுன்னு வெக்க முடியாது. முடியலன்னா சொல்லிடு, வீட்டுல ரெஸ்ட் எடு. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

வீட்டில் ரெஸ்ட்! அவர் வைதிருந்தால்கூட ரோஷத்தில் விட்டிருப்பேன். படத்தை ஏற்றினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கேற்றும் நேரத்தைப் போட்டுவிட்டு, இஷா தொழுதுவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டுக் கீழே வந்தேன். மாமி போனை ஸ்பீக்கரில் போட்டு அல்தாபிடம் பேசிக்கொண்டிருந்தார். தோஹாவில் அன்று லீவு.

"யூதனுங்க பேஜ் ஒண்ணு சிக்குச்சும்மா. துப்பாக்கிய மாட்டிக்கிட்டு சோறு திங்கிறான் ஒருத்தன். குரூப்புல லிங்க் வந்துச்சு, நம்ம பசங்க எல்லாம் போயி காறித் துப்பிட்டு வந்தோம். அவனுவல்லாம் இங்கிலீசு. நான் தமிழ்லயே போட்டுட்டேன்."

"என்னடா போட்ட?" என்றார் மாமி.

சந்தோஷமாக வாசித்துக் காட்டினார். "யா அல்லாஹ், இந்தப் பக்கத்த நடத்துற கை வெளங்காமப் போவட்டும்."

நான் கையில் வைத்திருந்த தம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏன்டா பதுவா செய்யிற?" மாமியின் குரல் மாறிவிட்டது. "கோவம்னா திட்டிட்டுப் போ. பதுவா வாய விட்டுப் போச்சுன்னா ஆளத் தேடி அலையும்டா. தகுந்த ஆளு கெடைக்கலன்னா சொன்னவன் மேலயே வந்து எறங்கும்."

"ஆளு இல்லாமயா இருக்கும்? அந்தப் பக்கத்த எவனோ ஒருத்தன் நடத்துறான்ல, அவன் மேல எறங்கட்டும்."

மாடிக்கு ஓடி என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இங்கிலீஷ் வசவுகளுக்கு நடுவில் தமிழ் எழுத்து, மேலே அல்தாப் என்ற பெயர். பார்க்கலாம், தொட முடியாது. ஷபாத் தொடங்கிவிட்டது. அழித்தால் வேலை போகும். விட்டால் என் புருஷன் என் கைக்குக் கேட்ட பதுவா ஒரு பகலும் இரவும் ஊர் பார்க்க அங்கேயே கிடக்கும். தூக்கத்திலும் வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, விடியும்போது மரத்துப் போயிருந்தது.

சனிக்கிழமை காலையில் மாமி கெண்டை மீன் வாங்கி, கொல்லையில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார். உதவிக்குப் போனேன். கத்தி பிடிக்கவே பயமாக இருந்தது.

"வெய்யி, கைய கிய்ய அறுத்துக்காத," என்றார். பிறகு தலை நிமிராமலே, "நமக்கு சனிக்கிழம மீனு ஆகும். அவுங்களுக்குத்தான் ஆகாது," என்றார்.

"யாருக்கு மாமி?"

"ஒம் மொதலாளிக்கு." செதில் உரிப்பதை அவர் நிறுத்தவில்லை. "கொச்சிக்காரன் எவன்டி வெள்ளி இஷாவுல கடைய மூடி சனி இஷாவுல தொறக்குறான்? சனிக்கிழம மீன் புடிக்காதேன்னு அல்லா சொன்ன கூட்டம் யாருன்னு சின்னதுலேருந்து குர்ஆன்ல ஓதிட்டு வர்றேன். எனக்குத் தெரியாதா?"

"எப்பலேருந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

"ஏன் மாமி கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவ. நீ சொல்லிட்டா நான் அவங்கிட்ட மறைக்கணும். என்னத்துக்கு ரெண்டு பேரு மாட்டணும்னு இருந்தேன்." மீனைச் சட்டியில் போட்டுவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அவன் ஏசுனது ஒன் கையத்தானே?"

அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். மாமி மீன் கையோடு என் முகத்தைத் தொட வந்து, நிறுத்திக்கொண்டார்.

"அழி அத. இப்பவே போயி அழி."

"இன்னிக்கி தொட்டா வேல போயிடும் மாமி. அவுங்க சட்டம்."

"நம்ம வூட்டுப் பதுவாவ எறக்குறதுக்கு அவுங்க நேரம் பாக்கணுமா?" சட்டென்று எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். "ஒன் மேலயும் எறங்கக் கூடாது, எம் புள்ள மேலயும் திரும்பக் கூடாது. சரி, நமக்கு ஃபர்ளு மாதிரி, அதுவும் அவுங்களுக்கு விடக் கூடாத கடமைதானே. இருட்டட்டும்."

அன்று பொழுது போகவே இல்லை. மீன் ஆணத்தை இரண்டு பேரும் தொடவில்லை. இஷா தொழுத கையோடு மாமியும் மாடிக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து உட்கார்ந்தது அன்றுதான். அங்கே ஷபாத் முடிகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன்.

ஷோஷனா அம்மா எனக்கு முந்திக்கொண்டிருந்தார். அவர் செய்தி வந்து காத்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததை மாமிக்குத் தமிழில் சொன்னேன்.

"ஃபர்ஹா, நல்ல வாரமாக இருக்கட்டும். என் பேரன் படத்துக்குக் கீழே ஒரே அசிங்கம், எல்லாவற்றையும் எடுத்துவிடு. ஆனால் நடுவில் உங்கள் பக்கத்து எழுத்தில் ஒன்று இருக்கிறது. மெஷினில் போட்டுப் பார்த்தேன். 'கடவுளே, இந்தப் பக்கத்தை நடத்தும் கை விளக்கமில்லாமல் போகட்டும்' என்று வருகிறது. சரியாகப் புரியவில்லை. கடவுள் பெயரில் தொடங்குகிறதே, என் கைக்காக யாரோ பிரார்த்தனை செய்திருக்கிறார்களா? அது துவாவா?"

துவா என்று அவர் எழுதவில்லை. பிரேயர் என்றுதான் எழுதியிருந்தார். மாமிக்குச் சொல்லும்போது என் வாயில் துவா என்று வந்தது.

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்பார். அர்த்தம் சொன்னால் எழுதியவர் யார் என்று வரும். பேர் அங்கேயே இருக்கிறது. சாரிடம் விசாரித்தால், என் சம்பள ரசீதில் கணவர் பேர் என்ற இடத்திலும் அதே பேர் இருக்கிறது.

"துவான்னு சொல்லிட்டு அழிச்சிடு," என்றார் மாமி மெதுவாக. "பதுவாவுல முன்னாடி ஒரு எழுத்து கொறையும், அவ்வளவுதான்."

ஆமாம், கைக்காகக் கேட்ட பிரார்த்தனைதான் என்று எழுதி அனுப்பினேன். பொய் இல்லை. கைக்காகத்தான் கேட்டிருந்தார்.

இங்கிலீஷ் வசவுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே கீழே வந்தேன். தமிழுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. "எனக்கு அழுகை வந்துவிட்டது, ஃபர்ஹா. இந்த நேரத்தில் அங்கிருந்து ஒருவர் எனக்காக! அதை மட்டும் எடுக்காதே. அது எப்போதும் நிற்கட்டும். பதிலும் போட்டுவிட்டேன்."

பக்கத்தைப் புதுப்பித்தேன். அல்தாபின் வரிக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை. ஆமென்.

"என்ன போட்டுருக்கா?" என்றார் மாமி.

"ஆமீன்னு போட்டுருக்காங்க மாமி."

மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். துவாவுக்கு ஆமீன்தானே முத்திரை. பதுவாவுக்கும் அதேதான். "விவரம் தெரியாம சொல்லிட்டா, பாவி மக," என்றார். எங்களில் யாரைப் பாவி மகள் என்றார் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது மாமியின் போன் அடித்தது. அல்தாப். எடுக்காமல் இருக்க முடியாது, எடுக்காவிட்டால் என் போனுக்கு வருவார். மாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"ம்மா, ஃபர்ஹா பக்கத்துல இருக்காளா? கேளு புள்ள. பசங்க போட்டத எல்லாம் தூக்கிட்டானுவ. என்னோடத மட்டும் தொட முடியல! அல்லா காவல் வெச்சிருக்கான் பாரு. அதுக்குக் கீழ அந்தப் பேஜ் பேர்லயே எவனோ ஆமென் வேற போட்டுருக்கான். நம்மாளு எவனோ உள்ள இருக்கான் போல."

மாமி என் வலது கையை எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் மூடி, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சத்தத்தையே காணோம்?" அல்தாப் சிரித்தார். "நீயும் ஒரு ஆமீன் சொல்லு புள்ள."

மாமியின் பிடி இறுகியது.

"ஆமீன்," என்றேன்.