நிற்காமல் நான்கு மாடி

முப்பத்தொரு வருஷம் லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊரையே மேலே ஏற்றிவிட்டவர், தன் காலால் நான்கு மாடி ஏறியதே இல்லை. விதிக்கு வேறு வேலை இல்லை போலும், அறுபத்தாறு வயதில் அவரைப் படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் நிறுத்தியது. வலது நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி. வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் உடம்பு தாங்க வேண்டும் என்றார் டாக்டர். நான்கு மாடி நிற்காமல் ஏறிக் காட்டினால்தான் ஆபரேஷனுக்குத் தேதி.

அதற்கு மூன்று வாரப் பயிற்சி. தினமும் காலை ஒன்பதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சைக்கிள் மிதிக்க வேண்டும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் இருபது தடவை எழ வேண்டும், குழாயில் மூச்சை இழுத்து மூன்று பந்துகளை உயர்த்த வேண்டும். சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு வாய் ஓயாது.

"சாப்டீங்களா ஐயா? நல்லா தூங்கினீங்களா? நேத்து சாயங்காலம் நடந்தீங்களா, இல்ல டிமிக்கி குடுத்துட்டீங்களா?"

மனைவி போய் ஒன்பது வருஷம். வெளியூர் மகன் எப்போதாவது போன் செய்வான், அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்க ஆள் கிடைப்பதற்கு ஒருவனுக்குப் புற்றுநோய் வர வேண்டியிருக்கிறது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

முதல் சோதனையில் ஒவ்வொரு மாடியிலும் நின்றார். எல்லாம் பழக்கதோஷம். மாடி வந்ததும் கால் தானாக நின்று, இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

"யாரு இறங்கணும்யா?" என்று சிரித்தாள் அந்தப் பெண். "நின்னா நின்னதுதான். இன்னும் ஒரு வாரம் வாங்க."

இன்னும் ஒரு வாரம்! பரீட்சையில் தோற்றுவிட்டு மனிதர் துள்ளாத குறையாக வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் முதல் இரண்டு மாடிகளை விறுவிறுவென்று ஏறினார். மூன்றாவதில் நின்றார். கூடவே ஏறி வந்தவள் அவர் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியைப் பார்த்தாள்.

"மூச்சே வாங்கலையே. ஏன் நின்னீங்க?"

"பழக்கம்மா."

"முதல் ரெண்டு மாடியில அந்தப் பழக்கம் எங்க போச்சு?"

அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏறி முடிச்சுட்டா நாளையிலேருந்து இங்க வர வேண்டியதில்லையே."

அவள் ஒரு படி இறங்கி அவருக்கு நேரே நின்றாள்.

"ஐயா, உள்ள இருக்கிறது உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. இன்னொரு வாரம்னு நான் எழுதினா, உங்களை நானே கொன்ன மாதிரி."

"ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்கதானே வருவீங்க?"

"இல்லய்யா. வார்டுல வேற ஆளு."

பொய் சொல்லத் தெரியாத பெண். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் பறந்தே ஏறியிருப்பார்.

கீழே போய், உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாம் மாடியில் கால் தயங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தாண்டினார். நான்காம் மாடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் நின்றது. இது மூச்சு வாங்கியதால் வந்த தண்ணீர் இல்லை.

அவள் தாளில் குறித்தாள். குறித்து முடித்தும் தலை நிமிரவில்லை. கடைசியில் அவரே கேட்டார்.

"நாளைக்கு வர வேண்டாம், அதானேம்மா?"

அவள் தலையசைத்தாள். விரலிலிருந்த கருவியை அவரே கழற்றி அவளிடம் கொடுத்தார்.