மூன்று ஹாரன்

அந்தக் காருக்கு எறும்பு என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. யாராயிருந்தாலும் அவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். இரண்டே கதவு. நான்கு பேர் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாவதாக ஒரு ஈ கூட உள்ளே வர யோசிக்கும். ஆனால் பின்னால் பம்பருக்குக் கீழே கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புக் கொக்கி வைத்து, அதை வண்டியின் அடிச்சட்டத்தோடு பற்றவைத்திருந்தார்கள். அந்தக் கொக்கியில் கயிற்றை மாட்டினால் தன்னைப்போல மூன்று மடங்கு கனமுள்ள வண்டியையும் எறும்பு முனகிக்கொண்டே இழுத்துவிடும்.

மலைச்சாலையில் பழுதாகி நிற்கிற வண்டிகளைக் கீழே பட்டறைக்குக் கொண்டு வருவது அண்ணன் தம்பி இரண்டு பேரின் தொழில். வண்டி மீட்கிற பெரிய லாரி அந்தச் சாலையின் பதினொரு வளைவுகளில் ஒன்றில்கூடத் திரும்பாது. அதனால்தான் சிறிய கார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். "என்னப்பா, சுண்டெலி யானையைக் கட்டி இழுத்துட்டுப் போகுது!" என்பார்கள். சிரித்தவர்களின் வண்டியும் ஒருநாள் மலையில் நிற்கும். அப்போது பேச்சு மாறிவிடும்.

பெரியவன் எப்போதும் பின்னால் வருகிற பழுது வண்டியில் உட்காருவான். சின்னவன் எறும்பை ஓட்டுவான். பார்ப்பதற்கு முன்னால் போகிறவன்தான் பெரிய ஆள் மாதிரி தெரியும். உண்மை வேறு. இறக்கத்தில் முன்வண்டி பிரேக் போட்டால் பின்வண்டி வந்து முதுகில் ஏறும். ஆகவே முன்னால் இருப்பவன் பிரேக்கைத் தொடவே கூடாது. பின்னால் இருப்பவன்தான் தன் பிரேக்கால் இரண்டு வண்டிகளையும் பிடித்து வர வேண்டும், கயிறு ஒரு நொடி கூடத் தொய்யாமல். சின்னவனின் உயிர் பதினைந்து வருடமாக அண்ணனின் வலது பாதத்தில்தான் இருந்தது.

அந்த அண்ணனோடுதான் அவன் மூன்று வருடமாகப் பேசவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் சின்னவன் மலையில் ஒரு காய்கறி வேனைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். கையில் எண்ணெயோடு அவன் ஓடி வந்தபோது துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். வராந்தாவில் நின்ற பெரியவன், "கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டா. உனக்கு வண்டிதானே பெருசு" என்றான்.

"எனக்கு ஏன் ஒரு ஆள் விட்டுச் சொல்லல?"

"சொன்னா மட்டும் வந்து கிழிச்சிருப்பியா?"

சின்னவனுக்கு மூக்குமேல் கோபம். துக்கமும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும். நாலு பேர் பார்க்க, "சரி. இனிமே நீ செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே" என்று கத்திவிட்டான்.

பெரியவன் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அனுப்பல" என்றான். அவ்வளவுதான். கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா?

ஆனால் வயிறு இருக்கிறதே. தொழிலை விட முடியவில்லை. வீட்டில் அண்ணி நடுவில் நின்று தந்தி அடித்தாள். "அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட ஸ்பானரை எங்க வெச்சாருன்னு கேளுங்க." "ஏங்க, உங்க தம்பி ஸ்பானர் கேக்கறாரு." இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது மூன்றடி தூரம். "உங்களுக்கு என்ன, ரெண்டு பேர் காதும் செவிடா?" என்று அண்ணி திட்டியும் பலன் இல்லை.

மலையில் அண்ணி கிடையாது. அங்கே ஹாரன்தான் பேசியது, தொழில் தொடங்கின நாளிலிருந்தே இருந்த பாஷை. கயிற்றைக் கட்டி, சக்கரத்துக்கு முன்னால் முட்டுக் கொடுத்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பெரியவன் பின்வண்டியில் ஏறி ஒரு ஹாரன் கொடுப்பான். கிளம்பு என்று அர்த்தம். இரண்டு என்றால் மெதுவாகப் போ. மூன்று என்றால் நிறுத்து, இறங்கி வா. எதுவாயிருந்தாலும் சின்னவன் பதிலுக்கு ஒன்று அடிப்பான், கேட்டுவிட்டது என்று. பதினைந்து வருடத்தில் மூன்று அடித்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் கயிறு நைந்து அறுகிற நிலையில் இருந்தது.

பேச்சு நின்ற பிறகு சின்னவன் இன்னொரு காரியமும் செய்திருந்தான். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைக் கீழே சாய்த்து வைத்துவிட்டான். அதில் கயிறு தெரியும், கட்டிய வண்டியின் பம்பர் தெரியும். ஓட்டுகிறவனின் முகம் தெரியாது. அண்ணன் மூஞ்சியைப் பார்க்காமலே அண்ணனோடு வேலை செய்ய வேறு வழி அவனுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு நின்றுபோனது நூலக வேன். மலை மேலிருக்கிற பள்ளிகளுக்குப் புத்தகம் கொண்டுபோகிற வண்டி. கியர் பெட்டி உடைந்து, முந்தின நாள் சாயங்காலம் உச்சிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. நூலகக்காரம்மா சாவியை முன்சக்கரத்து மட்கார்டுக்குள் வைத்துவிட்டு, கடைசி மினி பஸ்ஸில் இறங்கி வந்து அண்ணிக்கு போன் செய்திருந்தாள். உள்ளே இரண்டாயிரம் புத்தகம். காகிதம் இரும்பைவிடக் கனம் என்பது இழுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

மதியம் மூன்று மணி இருக்கும். மழை விட்டு வெளுப்பாக ஒரு வெயில். வேன் நின்ற இடம் மட்டமான சாலை. இடப்பக்கம் புதர், புதருக்குப் பின்னால் பள்ளம். பெரியவன் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சாவியைப் போட்டுத் திருப்பி, கை பிரேக்கை இறக்கினான். கயிற்றைக் கட்டினான். சின்னவன் அதையெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு எறும்பில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். கல்லை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. என்ன, வேனுக்குள் புத்தகம் படிக்கிறானா என்று சின்னவன் எரிச்சல்பட்டபோது ஹாரன் வந்தது. ஒன்று.

பதிலுக்கு ஒன்று அடித்துவிட்டு அவன் கிளட்சை மெதுவாக விட்டான். கயிறு விறைத்தது. எறும்பு முனகியது. வேன் நகர்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குப் பிரேக் பிடித்த மாதிரி பெரியவன் என்றைக்கும் பிடித்ததில்லை. முதல் வளைவு, இரண்டாம் வளைவு இரண்டிலும் கயிறு வீணைத் தந்தி மாதிரி நின்றது. சாய்ந்த கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்துச் சின்னவனுக்கே உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. அதை உடனே அடக்கிக்கொண்டான்.

மூன்றாவது வளைவில் ஹாரன் வந்தது. மூன்று தடவை.

சின்னவன் கயிற்றைப் பார்த்தான். ஒரு பிரி கூட நையவில்லை. கொக்கி சரியாக இருந்தது. பிறகு எதற்கு மூன்று? இறங்கி வா என்கிறான். இறங்கிப் போனால் முதலில் வாயைத் திறக்க வேண்டியவன் நான். அதுதானே வேண்டும் இவனுக்கு! "நடக்காது ராசா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் ஓட்டினான்.

ஏழாவது வளைவில் மறுபடியும் மூன்று. இந்தத் தடவை நீளமாக, இழுத்து இழுத்து வந்தது. சின்னவனுக்குக் கழுத்தில் முடி சிலிர்த்தது. ஏன் என்று அவனுக்கே புரியவில்லை. வீம்புக்கு வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான். ஒன்பதாவது வளைவு மோசமான வளைவு. எறும்பின் பின்பக்கம் ஒரு கணம் வழுக்கியது. செத்தோம் என்று நினைத்தான். அதற்குள் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி வேன் பிடித்தது. காரும் நேரானது.

அதற்குப் பிறகு ஹாரனே வரவில்லை.

பட்டறை வாசலில் நூலகக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கனத்த துணிப்பை. சின்னவன் இறங்கியதும் சிரித்தாள். "நல்லவேளை, பத்திரமா வந்துட்டீங்க. தூரத்துல மலை மேலேயே ஹாரன் கேட்டுச்சு. உங்க கார் ஹாரனா அது? எங்க வேன் சத்தம் மாதிரியே இருந்துச்சு."

"உங்க வேன்தாங்க. எங்க அண்ணன் அடிச்சாரு."

"வேன்ல எப்படிங்க அடிக்க முடியும்?" அவள் பையை விரித்துக் காட்டினாள். "போன தடவை வண்டி நின்னப்போ எவனோ பேட்டரியத் திருடிட்டான். அதனால நேத்தே கழட்டி என்கூட எடுத்துட்டு வந்துட்டேன். இப்பத்தான் மாட்டலாம்னு கொண்டு வந்தேன்."

பைக்குள் பேட்டரி இருந்தது.

சின்னவன் வேனிடம் நடந்து போனான். பத்தடி தூரம். மூன்று வருடத்தில் அவன் அந்தப் பக்கம் நடந்ததே இல்லை. கதவைத் திறந்தான். ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லை. இருக்கையைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. பின்னால் அலமாரிகளில் ஒரு புத்தகம் கூடச் சரியவில்லை. ஸ்டியரிங்கின் நடுவில், ஹாரன் அமுக்குகிற இடத்தில், ஈரச் செம்மண்ணில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. மண் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க உங்க அண்ணன்?" என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க. வேன் நின்ன இடத்துக்கு வரச் சொல்லுங்க" என்றான் சின்னவன். கயிற்றை அவிழ்த்து வீசிவிட்டு எறும்பைத் திருப்பினான்.

மேலே ஏறுகிற வழியெல்லாம் வளைவுக்கு வளைவு ஒரு ஹாரன் அடித்தான். நிறுத்திக் காது கொடுத்தான். ஒன்பது, ஏழு, மூன்று. பதில் இல்லை. மலை வாயே திறக்கவில்லை. மூன்று வருடமாக அவன் ஆசைப்பட்டு வாங்கி வைத்துக்கொண்ட அமைதி இதுதான். இப்போது அது நெஞ்சை அழுத்தியது. அம்மாவுக்குத்தான் பிந்தினேன், இதற்குமா என்று வாய்விட்டே அழுதான்.

வேன் நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. ஓரத்தில் புதர் கிழிந்து, மழையில் ஊறிய மண் அப்படியே உடைந்து இறங்கியிருந்தது. கல்லை வீசப் போனவனின் காலடி மண் பெயர்ந்திருக்கிறது. அவன் வண்டியில் ஏறவே இல்லை.

"அண்ணா!"

மூன்று வருடம் பூட்டி வைத்திருந்த சொல். தொண்டையைக் கிழித்துக்கொண்டுதான் வந்தது. கீழே பள்ளத்திலிருந்து பதிலாக ஒரு சத்தம். ஈரமண்ணில் கையால் அறைகிற சத்தம். தப், தப், தப்.

சின்னவன் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினான். பெரியவன் குப்புறக் கிடந்தான். உடைந்த இடது கால் ஒரு பாறைக்கு அடியில் மாட்டியிருந்தது. அந்த வலது பாதம் எதையோ மிதித்து மிதித்து மண்ணில் ஆழமாக ஒரு குழி பறித்திருந்தது. முகத்துக்கு நேரே, கைக்கு எட்டுகிற தூரத்தில் இன்னொரு குழி, வட்டமாக, உள்ளங்கை அளவில். அதில் செந்நீர் தேங்கியிருந்தது. கை அதையே அமுக்கிக்கொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"அண்ணா, நான்தான்ணா. வந்துட்டேன்."

பெரியவனின் உதடு அசைந்தது. குரல் இல்லை, காற்றுதான் வந்தது. சின்னவன் காதை அருகே கொண்டுபோனான்.

"மூணாவது வளைவுல மூணு அடிச்சேன். நீ நிக்கல." மூச்சு வாங்கினான். "ஏழாவதுலயும் அடிச்சேன். ஒன்பதாவதுல ஏன்டா அவ்வளவு வேகம்? பிரேக்க மிதிச்சு மிதிச்சு... காலே போயிடுச்சு."

சின்னவன் அவன் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தான். "கத்தியிருக்கலாமேண்ணா. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே."

பெரியவன் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே பார்வை.

"சொல்லி அனுப்பாதேன்னு சொன்னியே. அதான் ஹாரன் அடிச்சேன்."

கீழே எங்கோ ஆம்புலன்ஸ் மலையேறி வருகிற சத்தம் கேட்டது. சின்னவன் மண் ஒழுகும் அந்தக் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான். கை அங்கேயும் அமுக்கியது. மூன்று தடவை. அவன் தன் உள்ளங்கையால் அதன்மேல் ஒரு தடவை அழுத்தினான்.