ஏழாம் எண் வட்டம்

கண்ணாடி வெட்டும் மேசையின் மேல் விரித்திருந்த தாளில் பெரியவர் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார். பத்து மாதமாகக் கடைக்கும் மாடியில் இருந்த வீட்டுக்கும் வந்துபோய்க்கொண்டிருந்த மானிடவியல் ஆய்வாளர் போட்ட படம் அது. தலைமுறை மாறும்போது ஒரு தொழில் குடும்பம் எப்படி மாறுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. கடையில் எல்லோருக்கும் அவள் ‘ஆராய்ச்சிப் பொண்ணு’. முக்கோணம் ஆண், வட்டம் பெண், குறுக்கே கீறியிருந்தால் காலமானவர் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். பெயர் கிடையாது, எண் மட்டும். ஒரு சங்கடம் என்றால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்டு, பதிலுக்கு ஒரு கோடு வீதம் இழுத்திருந்தாள்.

தன்னைக் கண்டுபிடிக்கப் பெரியவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. தாளின் நட்டநடுவில் ஏழாம் எண். கிட்டத்தட்ட எல்லாக் கோடுகளும் அங்கேதான் போய் விழுந்தன. எண்ணிப் பார்த்தார், ஒன்பது. அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து இந்த வீட்டைத் தாங்கி நிற்பது யார் என்று ஒருத்திக்காவது தெரிந்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது. எழுபத்திரண்டு வயதிலும் வளையாத முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த முதுகுக்காகத்தான் வேலையாட்கள் அவருக்குப் பின்னால் ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அவமானமாகத் தோன்றியதில்லை.

“எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. ஒரே ஒரு பிசகு. எனக்கு வட்டம் போட்டுட்டே.”

அடுத்த மேசையில் சட்டத்துக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்த மூத்த வேலைக்காரர் நிமிர்ந்தார். வைர முனைக் கட்டரை வேறு யாரும் தொடவிடாத ஆள் என்பதால் அவர் பெயரே வைரம்.

“முதலாளிக்கே மீசையை எடுத்துட்டியேம்மா!”

ஆராய்ச்சிப் பொண்ணு சிரிக்கவில்லை. “ஐயா, அது நீங்க இல்லை.”

“பின்னே யாரு?”

“அதை நான் சொல்லக்கூடாது. யாரு என்ன சொன்னாங்கன்னு வெளிய விடமாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் கேட்டேன். பேரை எடுத்துட்டாப் போதும்னு நினைச்சேன்...” சொல்லும்போதே அவள் முகம் சுருங்கிவிட்டது. ஊர்ப்பட்ட ஜனம் இருக்கும் இடத்தில் எண் ஒருவரை மறைக்கும். ஒரே வீட்டில் எதை மறைக்கும்?

பெரியவர் வட்டங்களை எண்ணினார். மனைவி, மருமகள், மகள், தம்பி மனைவி, தம்பி மகள். ஐந்து பேர். குறுக்கே கீறிய வட்டம் அம்மா. அதை விட்டுவிட்டு எண்ணினாலும் தாளில் ஆறு வட்டங்கள் இருந்தன. இரண்டாம் தடவையும் ஆறு.

கூடப் பிறந்தவர்கள் யார் என்று முதல் வாரமே அவள் கேட்டிருந்தாள். “நானும் தம்பியும். அவ்வளவுதான்” என்று கண் சிமிட்டாமல் சொல்லியிருந்தார். அவர் அதைப் பொய்யாக நினைக்கவில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் கடையில் கண்ணாடி அடுக்கிய தாங்கி சரிந்து ஒரு வேலையாளின் கை போயிற்று. அவன் கவனக்குறைவு என்றுதான் குடும்பம் சொன்னது. விசாரணை அதிகாரி முன்னால் பெரியவரின் தங்கை எழுந்து நின்று, “தாங்கி துருப்பிடிச்சுப் போச்சுன்னு ஒரு மாசம் முன்னாடியே அப்பாகிட்ட சொன்னேன்” என்றாள். மூன்று மாதம் கடைக்குப் பூட்டு. இனி அவள் பேச்சு இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றார் அப்பா. அந்தச் சொல்லைப் பெரியவர் இம்மியும் பிசகாமல் காப்பாற்றி வந்திருக்கிறார். வீடே காப்பாற்றி வருகிறது என்றுதான் நினைத்திருந்தார்.

“அப்போ நான் எங்கே?” என்றார்.

அவர் தானே தேடினார். வலது ஓரத்தில் ஒரு முக்கோணம், ஒற்றைக் கோட்டோடு. அந்தக் கோடும் குடும்பத்துக்குள் போகவில்லை. தாளின் விளிம்பில் தனியாக நின்ற இன்னொரு முக்கோணத்துக்குப் போயிற்று. அது வைரமாகத்தான் இருக்க வேண்டும். போன மாதம் மூட்டு வலியைப் பற்றி அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

“உங்க படிப்பு இதுக்கு என்ன சொல்லுது?”

“முன்னாடியெல்லாம் எங்க துறையில, ஒரு குடும்பத்தோட கட்டுப்பாடுகளை எழுதிட்டா குடும்பமே புரிஞ்சிடும்னு நினைச்சாங்க. அப்புறம் வந்தவங்க, சொல்றதை மட்டும் கேக்காதீங்க, செய்யறதைப் பாருங்கன்னாங்க. மாறுற வீட்ல கட்டுப்பாடு உடனே உடையறதில்ல ஐயா. அதை அப்படியே நிக்க விட்டுட்டு, சுத்திப் போக வழி பண்ணிக்கறாங்க.”

“சுத்திப் போறதுன்னா ஏமாத்துறதா?”

“எனக்கும் அதான் தெரியலை” என்றாள். தட்டச்சு செய்த ஒரு பக்கத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். “நீங்க சம்மதிச்சாத்தான் இது வெளிய வரும். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த வீட்டையே எடுத்துடறேன்.”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ‘ஒருவரைப் பற்றிப் பேசாதிருப்பது இந்த வீட்டில் தண்டனையாகத் தொடங்கியது. இன்று அது மூத்தவருக்கு மற்றவர்கள் செய்யும் மரியாதை. அவர் முன்னிலையில் மட்டும் ஒருவரும் அதைத் தவறவிடுவதில்லை.’

மூன்று முறை படித்தார். புகழ்ந்திருக்கிறாளா, மூக்கை உடைத்திருக்கிறாளா என்று பிடிபடவில்லை. மரியாதை என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தால் நெஞ்சு ஏன் இப்படிக் கூச வேண்டும்? கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் வந்த வழியே திரும்பிப் போயிற்று. நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீரகக் கல் எடுத்தார்கள். அறுவைக்கு முன் மனைவி மருத்துவரிடம், ஒரு குறிப்பிட்ட ஊசி இவருக்கு ஆகாது, சின்ன வயதில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று சொன்னாள். அம்மாவுக்கும் தங்கைக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. அம்மா கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். இவளுக்கு எப்படித் தெரியும் என்று அன்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

“வைரம், உனக்கும் தெரியுமா?”

வைரம் கண்ணாடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு என்ன முதலாளி தெரியும்? நான் கீழே கடையோட நிக்கிற ஆளு” என்றார். தெரியாதவன் இவ்வளவு நிதானமாகப் பதில் சொல்ல மாட்டான்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெரியவர் மாடிப்படிக்கு நடந்தார். மணி நாலு. ஆறு மணிக்குக் கடை சாத்தாமல் அவர் மேலே போன நாளே கிடையாது. போய்க் கேட்டுவிடுவது என்றுதான் புறப்பட்டார். கேட்டால் மனைவி பொய் சொல்ல மாட்டாள். அவள் ஆமாம் என்றதும், அப்பாவின் சொல் நிற்க வேண்டுமென்றால் நாற்பத்து மூன்று வருடம் கூட வாழ்ந்தவளிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டும். முறித்துக்கொள்ளாவிட்டால் அப்பாவின் சொல் இவர் கையாலேயே உடைந்தது ஆகும். கேட்காமல் விட்டால் எல்லாம் நேற்று போலவே இருக்கும், ஆனால் இவர் நேற்று போல இருக்க முடியாது. மூன்றில் எது கௌரவம் என்று புரியவில்லை. இத்தனை வருடத்தில் அந்த ஒன்றில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை.

பாதிப் படியில் கால் நின்றது. மேலே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணியை உதறும் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல். கொஞ்சம் தடித்திருந்தது, ஆனாலும் சொல்லின் கடைசியை இழுக்கும் அந்த இழுப்பு அப்படியே இருந்தது.

“படி ஏறும்போது நின்னு நின்னு ஏறுறாராண்ணீ?”

“ஏறுறாரு. கேட்டா, படியை எண்ணிப் பாத்தேன்னு சொல்றாரு.”

அந்தப் பக்கம் வெடிச் சிரிப்பு. “அப்படியே எங்கப்பா. வலிக்குதுன்னு சொன்னா வாய் தேஞ்சிடும். எண்ணெய் அனுப்பறேன். நான் குடுத்தேன்னு தெரிஞ்சா தொடமாட்டாரு. வைரத்தண்ணன் குடுத்ததாச் சொல்லிடுங்க.”

“அதான் எப்பவும் சொல்றது.”

பெரியவர் மேலே போகவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிலேயே உட்கார்ந்தார். மேலே பேச்சு வேறெங்கோ போயிற்று. ஜன்னல் திரைக்கு எந்த நிறம் எடுப்பது, தம்பி மகளுக்கு ராத்திரி இருமல் நின்றதா, மருமகள் புது வேலைக்குப் போகலாமா. மருமகள் வேலை மாறப்போகிறாள் என்பதையே அவர் அப்போதுதான் கேட்கிறார். இருபத்தாறு வருடமாக அவரைத் தாண்டிப் போன பேச்சு அது.

கீழே கதவு திறந்தது. வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய மருமகள் தோளில் பையோடு ஏறி வந்தாள். படியில் மாமனார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் இறங்கி வந்தது. மாடியில் இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்று, “என்ன மாமா, இங்கே உட்...” என்று உரக்கத் தொடங்கினாள்.

பெரியவர் அவசரமாக உதட்டில் விரலை வைத்தார்.

யாரிடமிருந்து யாரை மறைக்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து, மருமகள் உட்காரப் படியில் ஒரு பக்கமாக ஒதுங்கினார். கையில் இருந்த செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.