கத்தாத எண்கள்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அது அவளுக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கிடங்கும் ஆலையுமாகப் பரந்து கிடக்கிற அந்தப் பெரிய நிறுவனத்தின் தொலைபேசி ஒப்பந்தங்கள் மொத்தமும் அவள் கையில் இருந்தன. யாரிடம் இணைப்பு வாங்குவது, எதை நீட்டிப்பது, எதைத் துண்டிப்பது எல்லாவற்றுக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். வாங்குவதைவிட வெட்டுவதில்தான் அவளுக்குக் கை சுறுசுறுப்பு.

பெரிய நிறுவனங்களில் தொலைபேசி இணைப்புகள் களை மாதிரி. எப்போதோ யாரோ கேட்டு வாங்கியிருப்பார்கள். வாங்கியவர் வேலையை விட்டே போயிருப்பார், இணைப்பு மட்டும் சாகாமல் கிடக்கும். இது யாருடையது, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு எழுதினால் கிணற்றில் போட்ட கல்தான். அதனால் இந்தத் தொழிலில் பலரும் பிடிக்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. ஒரு அழைப்புகூடப் போகாத எண்களைப் பொறுக்கி எடுத்து, ஓசைப்படாமல் நிறுத்திவிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். யாராவது கத்தினால் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கலாம். கத்தவில்லையா, அது செத்த எண். ஒப்பந்தத்திலிருந்தே தூக்கிவிடலாம்.

பழைய தொலைபேசிக் கம்பெனியின் ஒப்பந்தம் முடிகிற நேரம் என்பதால் இந்த முறை கத்திரி குவியல் குவியலாக நிறுத்தியிருந்தாள். ஒருத்தரும் மூச்சுக் காட்டவில்லை. அன்று காலைக் கூட்டத்தில் இயக்குநர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். அவளும் கால் தரையில் பாவாமல்தான் இருக்கைக்குத் திரும்பினாள். கைதட்டல் கேட்ட பிறகு யாருக்குத்தான் தன்மேல் சந்தேகம் வரும்?

சாப்பாட்டு நேரத்தில் தம்பியைக் கூப்பிட்டாள். அதே நிறுவனத்தின் குளிர்கிடங்குகளில் ஒன்றில் அவன் மெக்கானிக். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

“என்னக்கா, குரல்ல குஷி தாங்கல? சம்பளம் ஏத்திட்டாங்களா?”

“எல்லாரும் கைதட்டினாங்கடா.”

“நல்லதாப் போச்சு. அதைக் கொண்டுபோய் பேங்க்ல போடு.”

“வாயைப் பாரு. சாப்பிட்டியா?”

“இல்லக்கா, உறை அறைக்குள்ள ஒரு வேலை இருக்கு. கதவை உள்ளேருந்து திறக்கற கைப்பிடி பனி புடிச்சு இறுகிப்போச்சு. எல்லாக் கிடங்குலயும் இதே தொல்லைதான். அதைக் கழட்டி மாட்டிட்டு வந்துதான் சாப்பாடு.”

“கைப்பிடி வேலை செய்யலன்னா எப்படிடா வெளிய வருவே?”

“கதவுக்குக் கட்டை குடுத்துட்டுத்தான் போவேன். எனக்கென்ன பைத்தியமா? அப்படியே மூடிக்கிட்டாலும் செல்போன்தான் உள்ள எடுக்காதே தவிர, செவுத்துல ஒரு சிவப்பு போன் இருக்கு. எடுத்தாலே போதும், காவல் அறையில மணி அடிக்கும்.”

“ஜாக்கிரதையா இரு.”

“சரிங்க கத்திரி மேடம்” என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு வந்தபோது பழைய கம்பெனியின் ஆள் காத்திருந்தார். நிறுத்தி வைத்த எண்களை ஒரேயடியாக முடிக்க அவளுடைய ஒப்புதல் வேண்டும். காபி வரவழைத்து, ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றி இருவரும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தை அவர் திருப்பிக் காட்டினார்.

“ஒருதரம் முடிச்சா நம்பர் திரும்ப வராது மேடம். வந்தாத்தான் என்ன? பாவம், இந்த போனை எல்லாம் ஒரு ஆளு எடுத்துப் பேசினதே இல்ல” என்றார்.

பேனா நின்றது. எடுத்துப் பேசாத போன். ஆபத்து வராதவரை யாரும் தொடாத போன் ஒன்று தம்பி போயிருக்கிற அறைச் சுவரில் இருக்கிறது. ஆபத்து வந்தால் அதில்தான் கத்த வேண்டும். அதையே வாயடைத்துவிட்டு, கத்துகிறதா பார்ப்போம் என்று இவள் காத்திருந்திருக்கிறாள்.

“குளிர்கிடங்கு நம்பருங்க இதுல இருக்கா?”

“அங்க ஒரு அழைப்பும் போகாததை எல்லாம் நிறுத்தச் சொன்னீங்களே மேடம்.”

“அதை இப்பவே திருப்பிக் குடுங்க.”

“நாளைக்குத்தான் ஆகும்” என்று அவர் விழித்தார்.

தம்பியின் செல்போன் எடுக்கவில்லை. கிடங்கு அலுவலகத்தை அழைத்தாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், சரக்கு விவரத்துக்கு ஒன்றை அழுத்தவும் என்றது ஒரு தேன் குரல். ஆள் எடுக்கிற எண்களை எல்லாம் ஒழித்துவிட்டுப் புது ஒப்பந்தத்தில் அந்தக் குரலைக் கொண்டுவந்தவளும் அவளேதான். ஒன்றை அழுத்தினாள், இரண்டை அழுத்தினாள், சுற்றிச் சுற்றி முதல் வாசலுக்கே கொண்டுவந்து விட்டது.

“சனியனே, ஒரு ஆளைக் குடு!” என்று அலறினாள். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கீழ்த்தளத்துக்கு ஓடினாள். லாரிகளை அனுப்புகிற பெரியவர் அங்கே இருப்பார். அலுவலகத்துக்கே அவர் சித்தப்பா. ஓட்டுநர்களின் சொந்த செல்போன் எண்கள் அவர் ஒருவரிடம்தான் உண்டு.

“சித்தப்பா, என் தம்பி வேலை பாக்கற குளிர்கிடங்குல நம்ம வண்டி நிக்குதா?”

“நிக்குது. என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

“டிரைவரைக் கூப்பிடுங்க. உறை அறைக் கதவு மூடியிருக்கா பாக்கச் சொல்லுங்க. உள்ள அவன் இருக்கான்.”

அவர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓட்டுநருக்குப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

“மூடித்தான் இருக்கு சித்தப்பா” என்றான் ஓட்டுநர். “ஏதோ கட்டை கிடந்துச்சு. குளிரெல்லாம் வெளிய போகுதுன்னு மூட்டை தள்ற ஆளு தூக்கிப் போட்டுட்டு அப்பவே சாத்திட்டான்.”

“திறடா!” என்று சித்தப்பா கத்தினார்.

ஓடுகிற சத்தம் கேட்டது. இரும்பு உராய்ந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கத்திரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தம்பி, தம்பி என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைவே இல்லை.

“ஆளு கீழ உக்காந்திருக்கான்” என்றது குரல். “உசுரு இருக்கு. போனைப் புடிச்ச கையைத்தான் பிரிக்க முடியல.”

வெளியே தூக்கி வந்து, கம்பளி போர்த்தி, சூடாக எதையோ குடிக்க வைத்த பிறகு ஓட்டுநரின் போனில் தம்பி பேசினான். பல் கிட்டிய பேச்சு.

“அந்த போன்ல சத்தமே இல்லக்கா. எடுத்து எடுத்து வச்சேன். எவன்க்கா அதை நிறுத்தினான்? கையில கெடைக்கட்டும், அவனை…”

வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

“நான்தான்டா.”

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம்பி திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“அக்கா” என்றான் கடைசியில். “இங்க மட்டும்தான் நிறுத்தினியா?”

அதுவரை அவள் அதை யோசிக்கவில்லை. தன் தம்பி பிழைத்தது போதும் என்று உட்கார்ந்து அழப்போகிற நேரம். எல்லாக் குளிர்கிடங்கிலும் நிறுத்தியிருந்தாள். யாரும் கத்தவில்லை என்று சந்தோஷப்பட்டது அத்தனை இடங்களுக்கும் சேர்த்துத்தான்.

சித்தப்பா அடுத்த கிடங்கில் நின்ற ஓட்டுநரை அழைத்தார். போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே யாரும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். இன்னொரு கிடங்குக்குப் போட்டார். அங்கே எடுத்தவன் வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தான்.

“உறை அறையா? இன்னைக்கு அதைத் திறக்கற வேலையே இல்லியே சித்தப்பா. இங்க வேற ரகளை. நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு ஆளைக் காணோம். தனியாத் தங்கற பய, வேலையைப் போட்டுட்டு ஓடிட்டான்னு மேஸ்திரி திட்டித் தீர்க்கறாரு. ஏன், என்ன விஷயம்?”

சித்தப்பா போனை அவளிடம் நீட்டினார்.