எண்பத்துமூணு தடவை

ஜெனிஃபாவுக்குக் கோபமே வராதுன்னு கம்பெனியில் ஒரு பேச்சு. வராமல் என்ன, நல்லாவே வரும். வந்தால் அதை வெளியே காட்டத் தெரியாது, அவ்வளவுதான். ஏமாத்துறவனுக்கு இந்த மாதிரி ஆளுங்களைத் தேடி அலையவே வேண்டாம், பக்கத்து சீட்டிலேயே கிடைச்சிடுவாங்க.

ஆம்பூர் தாண்டி ஒரு ஷூ கம்பெனி. ஜெனிஃபாவுக்கு அங்கே தையல் லைனில் வேலை. கட்டிங் செக்‌ஷனில் இளம்பரிதி. இவள் ஏறுவது பள்ளிகொண்டாவில், அவன் ஏறுவது மாதனூரில். ரெண்டு வருஷமா ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட்டு. இவள் கொண்டு வர்ற எலுமிச்சை சோத்தில் பாதி அவனுக்கு. காதல் கீதல்னு கதை கட்டாதீங்க, அது கிடையாது. தோஸ்த்து. அதனால்தான் இவ்வளவு வலிச்சது.

'ஏழு கோட்டை'ன்னு அந்த விளையாட்டை அவள் போனில் ஏத்திக் கொடுத்ததே அவன்தான். ராஜா காலத்துச் சண்டை. ஆளுக்கு ஒரு வீரனை வளர்க்கணும். ஜெனிஃபா ஒரு பொம்பளை வீரரை எடுத்து சிங்காரின்னு பேர் வெச்சாள். அவனுடைய ஆள் வாளன். அந்த உலகத்தில் காசு கொடுத்துத் திறமை வாங்க முடியாது. வில் விட்டால் வில் ஏறும், குதிரை ஓட்டினால் குதிரை ஏறும், கத்தி சுத்தினால் கத்தி ஏறும். வைக்கோல் பொம்மையை வெட்டி வெட்டி ஐம்பது பாயிண்டு வரைக்கும் போகலாம். அதுக்கு மேலே பொம்மை உதவாது, எதிரில் உசிருள்ள ஆள் நிக்கணும்.

வாளனும் சிங்காரியும் ஐம்பதைத் தொட்டது போன டிசம்பரில்.

"இனிமே நாமே மோதிக்கணும் ஜெனி," என்றான் இளம்பரிதி. "ஒரு நாளைக்கு ஒரு சண்டைதான் உடுவான். ஜெயிச்சவனுக்கு மூணு பாயிண்டு. தோத்தவனுக்கு ஒண்ணும் கெடையாது, காயம் பட்டு ஒரு நாள் படுத்துக் கெடக்கணும். மாத்தி மாத்தி ஜெயிச்சா பாதி வேகந்தான், ரெண்டு பேர்ல யாருமே சீக்கிரம் தளபதி ஆக மாட்டோம். மொதல்ல நீ எனக்கு உழுந்து குடு. நான் முந்நூறு தொட்டு தளபதி ஆனதும், அப்புறம் நான் உனக்கு உழறேன்."

"வேற வழி இல்லியா?"

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

விளையாட்டு முழுக்க இங்கிலீஷ். அவன் படிச்சுச் சொன்னதை அவள் நம்பினாள். நம்பினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தையல் லைனில் ஒரு பழக்கம் இருக்கு. யாருக்காவது சம்பளம் ஏத்துற கிரேடு டெஸ்ட்டுன்னா, பக்கத்து மெஷின்காரி அவளுடைய கஷ்டமான பண்டலைத் தான் இழுத்துப் போட்டுத் தைப்பாள். சுலபமானதை அவள் பக்கம் தள்ளி விடுவாள். நாளைக்கு இவளுக்கு டெஸ்ட்டு வந்தால் அவள் இழுத்துக்குவாள். நீ எப்போ திருப்பிச் செய்வேன்னு அந்த லைனில் யாரும் யாரையும் கேட்டதில்லை, கேட்டால் அசிங்கம். ஜெனிஃபாவும் கேட்கலை. கட்டிங் செக்‌ஷனில் அவனவன் தோலை அவனவன் வெட்டிட்டுப் போறான், அங்கே இந்தப் பழக்கமே கிடையாதுங்கிறதை அவள் யோசிக்கவும் இல்லை.

விழுந்தாள். தினமும் சாயங்காலம், பஸ் ஹைவேயில் ஏறினதும் சிங்காரி கேடயத்தைத் தழைச்சுக்கிட்டு நிற்பாள். வாளன் வெட்டுவான். பொங்கலுக்கு முந்தின நாள் விழுந்தாள், காய்ச்சலில் கண் எரிஞ்ச அன்னிக்கும் விழுந்தாள். எண்பத்துமூணு தடவை. ஏன்னா வேலூரில் ஒரு காலேஜ் ஹாலில் ஏப்ரல் முதல் ஞாயிறு இந்த விளையாட்டுக்குப் போட்டி, தான் தளபதி ஆனால் அவளுக்கும் அணியில் இடம் உண்டுன்னு அவன் சொல்லியிருந்தான். ஐந்து பேர் கொண்ட அணி. ஆடுறவங்க பேரும் போட்டோவும் பெரிய திரையில் வரும். கம்பெனியில் அவளுக்கு டோக்கன் நம்பர்தான் பேரு. ஒரு தடவையாவது தன் பேரை நாலு பேர் எதிரில் அந்த உசரத்தில் பார்க்கணும்னு அவளுக்கு அப்படி ஒரு ஆசை.

மார்ச் கடைசி நாள் மத்தியானம், கேன்டீனில் கவுஸ் பாஷா எதிரில் வந்து உட்கார்ந்தார். பேக்கிங் செக்‌ஷன்காரர், அணியைச் சேர்க்கிறதே அவர்தான்.

"இன்னாம்மா ஜெனிஃபா, ஆட்டத்துல இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்லிட்டியாமே? ரெண்டு மாசம் உன் எடத்தை வெச்சிருந்தேன். இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு லிஸ்ட் க்ளோஸ். வேற ஆளைப் போட்டுட்டேன்."

"யார் சொன்னது பாய்?"

"பரிதிதான். டிசம்பர்லயே அவன்கிட்ட சொன்னேனே. ரெண்டு பேரும் மரக்கத்தியில பழகுங்க, மரக்கத்தின்னா தோத்தாலும் ஜெயிச்சாலும் ஆளுக்கு ஒரு பாயிண்டு ஏறும், காயமும் இல்ல. அணிக்கு நூறு இருந்தா போதும், மார்ச்சுக்குள்ள ரெண்டு பேருமே வந்துடலாம்னு. தளபதிக்குத்தான் முந்நூறு. அவன் இரும்புக் கத்தியிலயே நின்னுட்டான் போல."

ஜெனிஃபா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாள். மரக்கத்தி. ரெண்டு பேருமே போயிருக்கலாம். அவனுக்கு ரெண்டு பேர் போறது போதலை, தளபதியா போகணும். அதுக்கு ஒருத்தி விழணும், எதையும் கேட்காமல் விழணும். அழுகை வரலை, வெட்கம்தான் வந்தது. ஏமாத்தினவன் படவேண்டிய வெட்கத்தை இவள் பட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் இளம்பரிதி ஜன்னலோரம் இடம் போட்டு வெச்சிருந்தான். எப்பவும் போல சிரிப்பு.

"இருநூத்தி தொண்ணூத்தி ஒம்போது ஜெனி. இன்னைக்கு ஒண்ணு உழுந்தா முடிஞ்சுது. நாளையிலேர்ந்து உன் டர்ன்."

"பரிதி, மரக்கத்தின்னு ஒண்ணு இருக்காமே?"

அவன் முகத்தில் ஒண்ணும் மாறலை. அதுதான் அவளைக் கொன்னுது. "அதுவா? சின்னப் பசங்களுக்கு. அதுல ஒண்ணும் ஏறாது," என்றான்.

மாட்டேன்னு போனை அணைச்சுப் பையில் போட்டிருக்கலாம். ஆனால் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசினால் தான் இளகிடுவோம்னு அவளுக்குத் தெரியும். அதைவிட ஒரு வழி இருக்கு. இன்னைக்கு வாளன் தோத்தால் ஒரு நாள் காயம் பட்டுக் கிடக்கணும், எட்டு மணிக்கு லிஸ்ட் மூடுறதுக்குள் எழுந்து தளபதி ஆக முடியாது. ஒரே ஒரு சண்டை. அவள் போனை எடுத்தாள்.

சிங்காரி இன்னிக்குக் கேடயத்தைத் தழைக்கலை. முதல் வெட்டை ஜெனிஃபாதான் போட்டாள். வாளன் தடுத்தான். சுத்தி வந்து இடுப்பில் இறக்கினாள், கத்தி சும்மா உரசிட்டுப் போச்சு. கட்டைவிரல் வலிக்க வலிக்க அழுத்தினாள், பல்லைக் கடிச்சு அழுத்தினாள். ஐம்பது பாயிண்டுக் கை எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவுதான் போச்சு. எதிரில் நின்னது இருநூத்தி தொண்ணூத்தி ஒம்போது. அதில் ஒவ்வொரு மூணும் இவள் விழுந்து கொடுத்தது. வாளன் ஒரு எட்டு பின்னால் வெச்சு, ஒரே வீச்சில் சாய்ச்சுட்டான்.

விட்டுக் கொடுத்து விழுந்தவள், முதல் தடவையா நிஜமாவே தோத்தாள். அவன் நிமிர்ந்து பார்ப்பான், இன்னா ஜெனி, திருப்பி அடிக்கிறியான்னு ஒரு வார்த்தை கேட்பான்னு அவள் காத்திருந்தாள். கேட்டால் எல்லாத்தையும் கொட்டிடலாம்.

அவன் போனில் தளபதிக் கொடி ஏறிக்கிட்டிருந்தது. மாதனூர் ஸ்டாப்பில் பஸ் நின்னதும் பையைத் தோளில் மாட்டிக்கிட்டு எழுந்தான்.

"தேங்க்ஸ் ஜெனி," என்றான் இறங்கிக்கிட்டே. "இன்னைக்கும் எப்பவும் போலவே உழுந்தே."