ஒரே குவளை

பொழுது விடியும்போதே நியாரூத் அடிகுழாயடிக்கு வந்துவிட்டாள். காலையில் அவள் கணவன் வழியினர் தண்ணீர் பிடிப்பார்கள். வெயில் சாய்ந்த பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அக்கரைக்காரர்கள். அவரவர் சுரைக்குடுவை அவரவருக்கு. போன கோடையில் அக்கரைக்காரன் ஒருவன் அவள் கணவனைச் சுட்டுக் கொன்றிருந்தான். அந்த உயிருக்கு ஈடான மாடுகள் வந்து சேரும்வரை இரு தரப்பும் ஒரே பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது, வைத்தால் சாவு வரும் என்பது ஊர்க்கட்டு. பழிவாங்கத் துடித்த கொழுந்தன்மாரின் காலைப் பிடித்து அவள்தான் உயிருக்கு மாடு என்ற இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தாள். அடுத்த பிறைக்குள் மாடுகள் வருவதாகப் பேச்சு.

தலைநகர் ஜூபாவிலிருந்து வந்த சமாதானத் திட்ட அதிகாரி லாடோ, பளபளக்கும் தகரக் குவளை ஒன்றைக் குழாயில் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு ரெண்டு பக்கத்து ஆளுங்களும் இதுல குடிக்கணும் அக்கா. படம் எடுக்கிறோம்.”

“வேணாம் தம்பி. மாடு வரட்டும். அப்புறம் நானே எல்லாருக்கும் ஊத்திக் குடுக்கிறேன்.”

“மாடு எப்ப வர்றது, நான் எப்ப அறிக்கை அனுப்புறது? இந்தக் காலத்துல போயி ஒரு குவளைக்குப் பயப்படுறீங்களே!”

“குவளைக்குப் பயமில்ல. அதுக்கப்புறம் நடக்கப்போறதுக்குத்தான் பயம்.”

லாடோ நல்லது செய்யத்தான் வந்தான். கேட்கத்தான் காது இல்லை. குடிப்பவர்களுக்கு ஆளுக்கொரு மூட்டை சோளம் என்றான். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் அல்லவா? மறுநாள் நியாரூத்தின் கொழுந்தன் புவோத் குடித்தான், அக்கரையைச் சேர்ந்த கய் என்பவனும் குடித்தான். லாடோவும் அவனுடன் வந்திருந்தவர்களும் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டு வண்டியேறினார்கள்.

நான்காம் நாள் புவோத்தின் கைக்குழந்தை காய்ச்சலில் செத்தது. “கொசுக் காய்ச்சல்டா, போன வருசமும் இப்படித்தான புள்ளைங்க செத்துச்சு!” என்று நியாரூத் தொண்டை கிழியக் கத்தினாள். எவனும் கேட்கவில்லை. குவளைதான் கொன்றது, அக்கரைக்காரன் வேண்டுமென்றே வாய் வைத்தான் என்று துப்பாக்கியைத் தூக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் பதினொரு பேர் பிணம். புவோத்தும் கய்யும் அதில் அடக்கம். மாடு ஓட்டி வந்தவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

சேதி கேட்டு ஓடிவந்த லாடோ, குழி வெட்டிக்கொண்டிருந்த நியாரூத்தின் முன்னால் தலைகுனிந்து நின்றான்.

“அக்கா, இப்ப நான் என்ன செய்யணும்?”

“அந்தக் குவளையக் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. சண்டை எங்களோடது. அத ஆத்துற வழியும் எங்களுக்குத்தான் தெரியும். உதவ வர்றவன் எங்களுக்கு முன்னால ஓடக் கூடாது தம்பி, பின்னால நின்னு தாங்கணும்.”

அவள் மண்வெட்டியை அவனிடம் நீட்டினாள்.

“பிடி. இன்னும் நாலு குழி இருக்கு.”