சீராக வந்த சிமெண்ட்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை.

வாரப் பத்திரிகை ஒன்று 'மின்கட்டணமே இல்லாத மண்வீடு: எளிய யோசனைகள்' என்று கட்டுரை கேட்டது. காரமடைக்கு மேற்கே சைத்ரா என்பவர் அப்படியொரு வீடு கட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். "யோசனையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சண்டை ஒண்ணு இருக்குது, வேணுங்களா?" என்றாள். (நேரில் 'அவர்'தான். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆக்கிவிட்டேன். எழுதுகிறவனின் திமிர் அது.)

பத்திரிகைக்குச் சண்டை வேண்டாமாம். எனக்கு வேண்டியிருந்தது.

2

முதல் தொடக்கம்: மண்மணம் கமழும் அந்த எழில்மிகு இல்லத்தில்... [அடித்துவிட்டேன். இது சிமெண்ட் நாற்றத்தில் தொடங்க வேண்டிய கதை.]

இரண்டாவது: மலையடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, மாசற்ற காற்று... [மனை விற்கிறவர்கள் அடிக்கும் நோட்டீஸ்.]

மூன்றாவது: மோட்டார் கம்பெனி கண்ணையாவின் மகள், தன் வீட்டுக்குக் கரண்டு வேண்டாம் என்றாள்.

இதை வைத்துக்கொள்வோம். கண்ணையா கோயம்புத்தூரில் பம்புசெட் மோட்டார் செய்கிறவர். சுற்றுவட்டாரக் கிணறுகளில் பாதிக்கு அவர் மோட்டார்தான் தண்ணீர் இறைக்கிறது. கல்யாணமான அவர் மகள் சைத்ரா, அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணிலேயே சுண்ணாம்பு கலந்து கல் அறுத்து, தடித்த சுவர் எழுப்பினாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நுழைய மேற்கே ஜன்னல், ஓட்டின் மேல் சோலார் தகடு, மழைத்தண்ணீருக்குத் தொட்டி. கம்பத்திலிருந்து லைன் இழுக்கவே இல்லை.

"மோட்டார்க்காரர் புள்ளை ஊட்டுல கரண்டு இல்லையாமா" என்று கல்யாண மண்டபங்களில் சிரித்தார்கள். அதைக்கூடக் கண்ணையா பொறுத்துக்கொண்டார். மண் சுவரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

3

கண்ணையாவை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். [மீசையை முறுக்கியபடி அவர்...] அவருக்கு மீசையே கிடையாது.

ஞாயிறு தவறாமல் வந்து வேலையைப் பார்ப்பார், குறை சொல்வார். சித்திரை வெயிலில் ஒருநாள் அந்த மண் அறைக்குள் காத்தாடி இல்லாமலே குறட்டை விட்டுத் தூங்கினார். மகள் எழுப்பியதும், "நானெங்க தூங்குனேன்? சும்மா கண்ண மூடியிருந்தேன்" என்றார். இப்படிப்பட்ட மனிதரை எப்படி வெறுப்பது? நீங்களாவது முயன்று பாருங்கள்.

4

புண்ணியார்ச்சனைக்கு, அதாவது புதுமனை புகுவிழாவுக்கு, முந்தின நாள். காரமடைக் கோயிலில் ரங்கநாதரைக் கும்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்பிய சைத்ரா, முன்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூச்சைக் கண்டாள். ஈரம் காயவில்லை. இரண்டு கொத்தனார்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கண்ணையா, முதல் மார்க் வாங்கிய பையனைப் போல நின்றார்.

"எப்பிடி இருக்குது கண்ணு? நாளைக்குச் சம்பந்தி ஊட்டுக்காரங்கெல்லாம் வாராங்க. மண்ணுச் செவுத்த வெச்சுக்கிட்டு அவங்க மொகத்துல முழிக்க முடியுமா? இது நம்மூட்டுச் சீரு."

* பிறந்த வீட்டுச் சீரை இந்தப் பக்கத்தில் யாரும் திருப்புவதில்லை. அண்டாவோ ஃபிரிட்ஜோ, பிடிக்காவிட்டாலும் நாலு பேர் பார்க்க வைத்தே ஆகவேண்டும். சீரைத் தள்ளினால் கொடுத்தவரைத் தள்ளியதாக அர்த்தம்.

"நைனா, மண்ணுச் செவுரு ஈரத்த இழுக்கும், வெளிய உடும். மேல சிமெண்டப் பூசுனா ஈரம் உள்ளயே நிக்குமுங்க. நாலு மழைக்குச் செவுரு இத்துப்போயிரும். இப்பவே செதுக்கோணும். காஞ்சா மண்ணையும் பேத்துக்கிட்டு வந்துருமுங்க."

"ஊரே சிமெண்டுதான பூசுது? நீ செதுக்கு. நாளைக்கு நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன், பாத்துக்க."

[இங்கே அவள் மனப்போராட்டத்தை நீளமாக எழுதியிருந்தேன். கண்ணீர்கூட இருந்தது. படித்துவிட்டு, "நானெங்கீங்க அழுதேன்? கரண்டியத் தேடிட்டு இருந்தேன்" என்றாள். நீக்கிவிட்டேன்.]

கொத்தனார் கரண்டி கிடைத்தது. செதுக்க ஆரம்பித்தாள். அப்பா ஆசையாகக் கொண்டுவந்ததை அவர் கண் முன்னாலேயே உதிர்ப்பது அவளுக்கு வலிக்காமல் இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு அம்மா ராமாமணி வெளியே வந்தாள். யார் பக்கம் பேசுவாளோ என்று கொத்தனார்கள்கூடக் காத்திருந்தார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரும்புச்சட்டியை எடுத்து, கீழே உதிர்ந்ததை அள்ளத் தொடங்கினாள்.

"ஏனுங்க, சீரு நீங்க குடுத்தாச்சு, அவ வாங்கியாச்சு. வாங்குனத வெச்சுக்குவாளோ, செதுக்குவாளோ, அது அவ பாடு."

கண்ணையா காரில் ஏறினார். கோபத்தில் ராமாமணியை விட்டுவிட்டே போய்விட்டார்.

5

முடிவு ஒன்று: பால் பொங்கும் நேரம் கண்ணையா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொள்கிறார். [இந்த ஊர் அப்பாக்கள் கட்டிக்கொள்வதில்லை. "சாப்புட்டயா?" என்பார்கள்.]

முடிவு இரண்டு: அவர் வரவில்லை. அடைமழையில் வீடு இடிகிறது. [பெண் பிடிவாதம் பிடித்தால் சுவர் இடியவேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? எழுத மாட்டேன்.]

பாதிச் சுவர் சிமெண்ட், பாதிச் சுவர் மண் என்று பஞ்சாயத்துப் பேசி... [போதும்.]

மறுநாள் காலையில் முன்சுவர் கீறலும் வடுவுமாக, பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. "செவுத்துக்கு என்னாச்சுங்க அண்ணி?" என்றாள் நாத்தனார். வேலையாள் மேல் பழி போட்டிருக்கலாம். "எங்க நைனா சீரு பூசுனாருங்க. நான் செதுக்கிப்போட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள் சைத்ரா.

அடுப்பில் பால் ஏறியபோது, கண்ணையாவின் கார் வேலியோரம் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. அவர் சுவரைப் பார்த்தார். அவள் வாசலுக்கு வந்தாள்.

அப்புறம் நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் இருவரில் ஒருவரைத் தோற்றவராக்கிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். கார்க் கதவை உங்களிடமே விடுகிறேன். அவரை இறக்குங்கள், திருப்பி அனுப்புங்கள், பந்தியில் உட்காரவையுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். சுவரில் மட்டும் சிமெண்ட் பூசாதீர்கள். அவள் மறுபடியும் செதுக்குவாள்.